படத்தில் தெளிவாக விழுந்தவர்

மேலச்சத்திரத்தில் கல்யாணப் படங்களில் பெண்ணும் மாப்பிள்ளையும் தெளிவாக விழாமல் போய் வெகுகாலம் ஆகிறது, அதை அங்கே யாரும் ஒரு குறையாகச் சொல்வதும் இல்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் மோரில் முக்கி எடுத்ததுபோல் கலங்கிப்போய் நிற்பார்கள், தாய்தகப்பன் நிற்பார்கள், மாமன் மச்சான் எல்லாம் அப்படியே நிற்பார்கள், அவர்களுக்கெல்லாம் பின்னால், மூன்றாவது வரிசையில், தூண் பாதி மறைத்தபடி, யாரோ ஒரே ஒரு ஆள் மட்டும் இமைமயிர் தெரிகிற அளவுக்குத் தெளிவாக நிற்பார். வெளியூர்ச் சம்பந்திகள் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "போட்டோக்காரன் போதையில எடுத்தானா?" என்று கேட்பார்கள். ஊர்க்காரர்கள் இன்னொரு தம்ளர் காப்பியைக் கொண்டுவந்து வைப்பார்கள்.

போட்டோக்காரருக்குப் போதைப் பழக்கமும் இல்லை, அவர் ஆம்பளையும் இல்லை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மாரி ஸ்டுடியோ வைத்திருக்கும் செண்பகவல்லிதான் அது. ஸ்டுடியோவை ஆரம்பித்தது அவள் புருசன் மாரித்துரை. ஒரு சித்திரை மாதத்துக் கல்யாணத்தில், ஏணிமேல் நின்று பந்தியைப் படமெடுத்துக்கொண்டிருந்தவர், வலது கை கேமராவை மறந்து, வலது கால் ஏணியை மறந்து, வாய் தன் பெயரையே மறந்து கீழே வந்து சேர்ந்தார். வாதம் என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, ஸ்டுடியோவுக்குப் பின்கட்டு அறையில் கட்டிலில் படுத்தவர்தான், பேச்சு மட்டும் கொஞ்சங்கொஞ்சமாகக் குழறலாகத் திரும்பி வந்தது, அதுவும் அவளுக்குப் புரிகிற அளவுக்கு. அன்றிலிருந்து செண்பகவல்லி விடிவதற்குள் அவரைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சியை வடித்து ஊட்டி, முன்கதவைத் திறந்து பாஸ்போர்ட் படம் எடுத்து, நடுவில் ஓடிப்போய் முதுகில் புண் வந்துவிடாமல் இடப்பக்கம் புரட்டி, ஓடிவந்து யாருடைய ஆதார் அட்டைக்கோ லேமினேஷன் போட்டு, மறுபடி ஓடிப்போய் வலப்பக்கம் புரட்டி, முகூர்த்த நாளென்றால் பக்கத்து மருந்துக்கடைப் பெண்ணிடம் சாவியைக் கொடுத்துவிட்டு மண்டபத்துக்கு ஓடி, தாலி ஏறியதும் ஓடிவந்து, இப்படி ஓடிய ஓட்டத்தில், யாராவது வயது கேட்டால் முதலில் புருசன் வயதைச் சொல்லி அதிலிருந்து கழித்துத் தன் வயதைச் சொல்கிற நிலைக்கு வந்திருந்தாள். களைப்பென்றால் சும்மா களைப்பு இல்லை, உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்கணுமே என்று பயந்து உட்காராமலே இருக்கிற களைப்பு.

எல்லாம் ஒரு நுரையில்தான் ஆரம்பித்தது. மாப்பிள்ளையின் கூட்டாளிகள் மேடையேறி டப்பாவை அமுக்கிப் பீய்ச்சி அடிப்பார்களே, அந்த நுரை, ஒரு வரவேற்பில் அவளுடைய புதுக் கேமராவின் வாய்க்குள் போய்விட்டது. கேமராவும் அதில் மாட்டியிருந்த லென்ஸும் அங்கேயே கண்ணை மூடின. பைக்குள் கிடந்த இன்னொரு லென்ஸ், வாங்கி ஒரு முகூர்த்தம்கூடப் பார்க்காதது, அது மட்டும் தப்பியது. மறுநாள் விடிந்தால் சுடலைமுத்து வீட்டுக் கல்யாணம். முகூர்த்தம் யாருக்காகவும் காத்திருக்காது. பீரோவைத் திறந்தாள். மாரித்துரை ஏணியிலிருந்து விழுந்த அன்று கையில் வைத்திருந்த பழைய கேமரா ஒரு துண்டில் சுற்றிக் கிடந்தது. அதன் சொந்த லென்ஸ் அன்றைக்கே உடைந்து சிதறியிருந்தது, உடம்பு மட்டும் முழுசாக இருந்தது. முதுகில் தபால்தலை அளவுக்கு ஒரு திரை.

மதுரையில் கேமரா ரிப்பேர் பார்க்கும் நாகூர்மீரானுக்கு போன் போட்டாள். புது லென்ஸ் இதில் சேருமா என்று கேட்டாள்.

"மாட்டும்க்கா," என்றான் அவன். "வாய் ரெண்டுக்கும் ஒண்ணுதான், திருகுனா டக்குனு உக்காந்துக்கிரும். ஆனா ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. பழைய பாடி கம்பியாலயும் பல்சக்கரத்தாலயும் சொல்லும், புது லென்ஸுக்குக் கரண்ட்டுல சொன்னாத்தான் கேக்கும். ஃபோகஸ் ஓடாது. கையால சுத்தினாலும் வளையம் சும்மா சுத்துமே தவிர உள்ள கண்ணாடி அசையாது. துவாரமும் சுருங்காது, ஆன்னு தொறந்தே கெடக்கும். அதத் தூக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போயிராதீங்கக்கா, அடிக்க வந்துருவாக."

அவள் போனாள். வேறு வழியில்லாதவர்களுக்கு யோசனை சொல்பவன் பேச்சு காதில் ஏறாது. மண்டபத்தில் அந்தப் பொருந்தாத கேமரா, லென்ஸ் ஜோடியைக் கண்ணில் வைத்ததும், அசையவே அசையாது என்று அவன் சொன்ன கண்ணாடி, யாரும் சொல்லாமல், கரண்ட்டும் இல்லாமல், சின்ன முனகலோடு தானாகத் திரும்பிக் கூட்டத்துக்குள் யாரையோ தேடிக்கொண்டு போய், ஓரிடத்தில் நின்றது. செண்பகவல்லி ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்பட நேரமில்லை, மாரித்துரையைப் புரட்டுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பெண் கலங்கல், மாப்பிள்ளை கலங்கல், தாலி கட்டுகிற கை கலங்கல். குடும்பத்தோடு எடுத்த படம் எல்லாவற்றிலும் சுடலைமுத்துவின் மூத்த மருமகள் ராஜேஸ்வரி, பன்னீர்ச் செம்போடு, தாம்பாளத்தோடு, அழுகிற யாருடைய பிள்ளையோடோ, எங்கே ஒதுங்கி நின்றாளோ அங்கே மட்டும் தெளிவாக விழுந்திருந்தாள். நெற்றிப் பொட்டுக்கு மேலே ஒட்டிய வியர்வைகூடத் தெரிந்தது. அவள் இல்லாத பந்திப் படத்தில் ரசம் ஊற்றுகிறவர் தெளிவாக இருந்தார்.

சுடலைமுத்து ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்து தெருவே கூடுகிற அளவுக்குச் சத்தம் போட்டார். கூடவே வந்த அவர் சம்சாரம் ஆல்பத்தை வாங்கிக்கொண்டாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள், முதலிலிருந்து மறுபடி புரட்டினாள். பிறகு, "நம்ம வீட்டுக்கு வந்து இத்தன வருசமாச்சு, இவ மொகத்த நான் இன்னைக்குத்தான் பாக்கேன்," என்றாள். வீட்டுக்குப் போனதும் மாமியார் மருமகள் கையிலிருந்த கரண்டியை வாங்கி வைத்துவிட்டு, "அமாவாச வரைக்கும் அடுப்பாங்கரப் பக்கம் வராத தாயி," என்றாள். ராஜேஸ்வரி என்னமோ ஏதோ என்று பயந்துபோய்த் தன் அம்மாவுக்கு போன் செய்தாளாம்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆடி பிறப்பதற்குள் மேலச்சத்திரம் முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது: அந்த லென்ஸ் அழகைத் தேடுவதில்லை, வயசைத் தேடுவதில்லை, கூட்டத்தில் யார் ரொம்பக் களைத்திருக்கிறார்களோ அவர்களைத் தேடிப்போய் நிற்கிறது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்து இயற்பியல் வாத்தியார் மட்டும் ஒளிவிலகல் பற்றி விளக்க வந்தார், அவரையும் பெஞ்சில் உட்காரவைத்து ஆசிரியர்களோடு சேர்த்து ஒரு படம் எடுத்ததில் அவரே தெளிவாக விழுந்துவிட்டார், அதோடு அவரும் விளக்குவதை விட்டுவிட்டார். நாகூர்மீரான் நேரில் வந்து பார்த்தான். நுரை பட்ட புதுக் கேமராவைச் சரிசெய்து கொண்டுவந்திருந்தான். அதில் இந்த லென்ஸை மாட்டினால் எல்லோரும் பளிச்சென்று சிரித்தபடி விழுந்தார்கள். பழைய உடம்பில் அதன் காலத்து லென்ஸ் ஒன்றை மாட்டினாலும் எல்லோரும் அப்படித்தான் விழுந்தார்கள். ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாத இந்த இரண்டும் சேரும்போதுதான் அது நடந்தது. "இது என் தொழில்ல சேராதுக்கா," என்று கும்பிட்டுவிட்டு மதுரை பஸ் ஏறிவிட்டான்.

சரிசெய்த கேமராவில் எடுத்த படங்களை யாரும் கேட்கவில்லை. வீடு வீடாகக் குடும்பப் படத்துக்கு வந்தார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள், மேலச்சத்திரத்தில் அடுத்தவர் தலைவலியும் தெரியத் தொடங்கியது. சுடலைமுத்து சம்சாரம் வாய்தவறிச் சொன்னதே வழக்கமாகி, வழக்கமே சட்டமாகி, யார் தெளிவாக விழுகிறாரோ அவர் அடுத்த அமாவாசை வரை தன் வேலையைத் தொடக் கூடாது, தன்னைக் களைக்கவைப்பது எது என்று அவர் வாயால் சொல்ல வேண்டும், அவர் என்ன கேட்டாலும் வீட்டார் மறுபேச்சுப் பேசாமல் செய்ய வேண்டும் என்று ஆனது. பெண் கொடுக்கிறவர்கள் ஜாதகத்தோடு மாப்பிள்ளை வீட்டுக் குடும்பப் படத்தையும் கேட்டார்கள். தெளிவாக விழுந்திருப்பது மூத்த மருமகள் என்றால், "பாத்துச் சொல்றோம்" என்று எழுந்துவிட்டார்கள்.

நோகாமல் நொங்கு தின்ன நினைத்தவர்களும் வந்தார்கள். ராத்தூக்கம் கெடுத்துக்கொண்டு வந்தார்கள், கண்ணுக்குக் கீழே மை தடவிக்கொண்டு வந்தார்கள், இரண்டு நாள் பட்டினி கிடந்து வந்தார்கள். லென்ஸ் அவர்களைத் தாண்டிப் போய்விட்டது. மக்களுக்காக உழைத்து ஓடாய்த் தேய்ந்ததாகச் சுவரெல்லாம் எழுதியிருந்த வார்டு வேட்பாளர் படம் எடுக்க வந்தபோது, அவர் பனிமூட்டமாக விழ, பக்கத்தில் மாலையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் தெளிவாக விழுந்தார். கொஞ்சம் பேர் மாலைக்காரருக்கே ஓட்டுப்போட்டுவிடுவது என்று செல்லாத ஓட்டுப் போட்டார்கள்.

தீப்பெட்டி ஆபீஸ் விவகாரம்தான் பெரிசு. பெட்டி ஒட்டுகிற, குச்சி அடுக்குகிற பெண்கள் எல்லோரும் சேர்ந்து, முதலாளியையும் நடுவில் உட்காரவைத்து ஒரு படம் எடுக்கச் சொன்னார்கள். யார் விழுவாள் என்று தங்களுக்குள் பந்தயம்கூடக் கட்டியிருந்தார்கள். படத்தில் முதலாளி தெளிவாக விழுந்தார். பெண்கள் ஸ்டுடியோ வாசலில் மண்ணை வாரித் தூற்றினார்கள், லென்ஸ் காசுக்கு விலைபோய்விட்டது என்றார்கள். ஆனால் வழக்கம் வழக்கம்தான். முதலாளியை வீட்டில் உட்காரவைத்துவிட்டு அமாவாசை வரை அவர்களே ஆபீஸை நடத்தினார்கள், குச்சியும் எரிந்தது, பெட்டியும் ஒட்டியது, லாரியும் நேரத்துக்குப் போனது. முதலாளி திரும்பி வந்தபோது தன்னை யாரும் தேடவில்லை என்பது அவருக்குத் தெரிந்துபோயிற்று. நிஜமான களைப்பு அவருக்கு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது என்று சொல்வார்கள்.

இத்தனைக்கும் நடுவில் ஊரையே களைப்பாற்றிய செண்பகவல்லி மட்டும் முன்கட்டுக்கும் பின்கட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். முன்பைவிட வேலை இரண்டு மடங்காகியிருந்தது. படம் எடுக்கிறவள் படத்தில் விழ முடியாது. ஊரும் அதை யோசிக்கவில்லை, விளக்கைப் பிடிக்கிறவர் முகத்தில் வெளிச்சம் விழாது. அவள் யோசித்தாள். வேறு எதையும் விட அதைத்தான் யோசித்தாள். தான் விழுவோம் என்பதில் அவளுக்குத் துளி சந்தேகம் இருந்ததில்லை. இந்த ஊரில் யார் விழுந்தாலும் மனசுக்குள், 'நான் நின்னுருந்தா நீ எங்க விழுந்துருப்ப' என்று சொல்லிக்கொள்வாள். அவளுக்கு வேண்டியது பெரிசாக ஒன்றுமில்லை. ஒரே ஒரு அமாவாசை வரை மாரித்துரையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும், அவள் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க வேண்டும். அவ்வளவுதான்.

யாராவது என்றால் ஒரே ஆள்தான் இருந்தாள், மாரித்துரையின் தங்கை இந்திராணி. தெப்பக்குளத் தெருவில் மாடி வீடு, வீட்டுக்காரர் அய்யாத்துரைக்கு உரக்கடை, பிள்ளைகள் இரண்டும் வெளியூரில். வெள்ளிக்கிழமை தோறும் கொய்யாப்பழத்தோடு வந்து அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு போவாள். ஒருநாள் செண்பகவல்லி வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"ஒரு மாசம் அவுகள ஒன் வீட்ல வச்சுப் பாத்துக்கிறியா இந்திராணி? எனக்கு முடியல."

"ஒனக்கென்ன மதினி, இருந்த எடத்துல தொழில்," என்றாள் இந்திராணி. "நான் மாடியேறி மாடியெறங்கி முட்டி தேஞ்சு கெடக்கேன். அண்ணன் பாவம், புள்ளப்பூச்சி மாதிரி, இருக்க எடம் தெரியாமக் கெடக்கு. அதப் பாக்கதா ஒனக்குப் பாரமாப் போச்சு?"

செண்பகவல்லிக்கு முகம் சிவந்துவிட்டது. "சரி, நாம ஒரு படம் எடுத்துப் பாத்துருவோம்," என்றாள். "வாற ஞாயித்துக்கெழம நீயும் தம்பியும் வாங்க. யாரு விழுதாகன்னு பாப்போம். விழுந்தவுக சொன்னத மத்தவுக செய்யணும். சம்மதமா?"

ஊரே சம்மதித்த வழக்கத்துக்கு இந்திராணி மட்டும் எப்படி முடியாது என்பாள்? அதோடு, தன் முட்டி வலிமேல் அவளுக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வெயிலில் அய்யாத்துரையும் மருந்துக்கடைப் பெண்ணுமாகப் பிடித்துக் கட்டிலை முன்கட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பின்னால் அருவியும் பனிமலையும் வரைந்த திரை. செண்பகவல்லி புருசனுக்குச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலையணைகளை முதுகுக்கு அண்டை கொடுத்துச் சாய்த்து வைத்தாள். தனக்குத் தலைகூட வாரிக்கொள்ளவில்லை. வேண்டுமென்றேதான். கேமராவை முக்காலியில் வைத்து, தானாக எடுத்துக்கொள்கிறபடி பொத்தானை அமுக்கிவிட்டு ஓடிவந்து கட்டிலோரம் நின்றாள். சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. கண்ணாடி முனகியபடி அவர்கள் முகங்கள்மேல் நகர்ந்தது, அய்யாத்துரையைக் கடந்தது, இந்திராணியைக் கடந்தது, தன்மேல் வந்து நின்றதாகச் செண்பகவல்லிக்குத் தோன்றியது. வெகுநாளைக்கு அப்புறம் யாரோ தன்னை நிறுத்தி ஒரு வார்த்தை விசாரித்ததுபோல் இருந்தது. கண் கலங்கிவிட்டது.

கம்ப்யூட்டரைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். அய்யாத்துரை கலங்கல். இந்திராணி கலங்கல். கட்டிலோரம் நிற்கும் செண்பகவல்லியின் முகம் ஈரத்துணியால் துடைத்து எடுத்ததுபோல் இருந்தது. தலையணைகளுக்கு நடுவே மாரித்துரை தெளிவாக விழுந்திருந்தார். அவள் சவரத்தில் விட்டுவிட்ட இரண்டு வெள்ளை முடி, கோணிய வாயோரத்து ஈரம், கேமராவைப் பார்க்காமல் மேலே, பக்கத்தில் நிற்கிறவளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண்கள், எல்லாம் தெளிவாக இருந்தன.

செண்பகவல்லி போய் மறுபடி பொத்தானை அமுக்கினாள். மறுபடியும் அவர்தான். இடம் மாற்றி நின்றாள், கட்டிலுக்கு முன்னால் வந்து அவரைப் பாதி மறைத்துக்கொண்டும் நின்று பார்த்தாள். தெரிந்த பாதியில் அவர்தான் தெளிவாக இருந்தார். கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. இந்தப் பாழாய்ப்போன லென்ஸுக்குக் கண் இருக்கிறதா, ஊரில் மாலை பிடிக்கிறவனையெல்லாம் கண்டுபிடித்தது, முதலாளியைக் கண்டுபிடித்தது, என்னைத் தெரியவில்லையா? தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் மண்ணை வாரித் தூற்றியது ஏன் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"படுத்தே கெடக்க மனுசனுக்கு என்னங்க களப்பு?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். "சொல்லுங்க. புரட்டிப் போடுறது நான், தொடைக்கது நான், தூக்குறது நான். ஒங்களுக்கு என்ன களப்பு?"

"அண்ணன் என்ன பாடுபடுதோ, எனக்குத் தெரியும்," என்று இந்திராணி மூக்கைச் சிந்தினாள். அய்யாத்துரை அவளைக் கையமர்த்தினார். "வழக்கப்படி அவரு சொல்லட்டும்," என்றார்.

மாரித்துரை பேசத் தொடங்க எப்போதும் நேரமாகும். உதடு முதலில் அசையும், சத்தம் பிறகு வரும். வார்த்தை வார்த்தையாகக் குழறி வந்ததைச் செண்பகவல்லி வழக்கம்போல் மற்றவர்களுக்குத் திருப்பிச் சொல்லத் தொடங்கினாள், பாதியில் நிறுத்திவிட்டாள். அதற்குமேல் அவர் சொன்னதை அவள் மட்டும்தான் கேட்டாள்.

"ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு வரும் வல்லி. நீ கடையில இருக்கியேன்னு அடக்கிக்கிட்டுக் கெடப்பேன். பசி இருக்காது, நீ காய்ச்சுனதாச்சேன்னு முழுங்குவேன். தூக்கம் வராது, நான் முழிச்சிருந்தா நீயும் முழிச்சிருப்பன்னு கண்ண மூடிக்கிட்டுக் கெடப்பேன். என்னயப் புரட்டிப் போட்டுட்டு ஒரு பெருமூச்சு விடுவ. ஒவ்வொரு தடவையும் விடுவ. அடுத்தது எப்ப வருமோன்னு காதத் தீட்டிக்கிட்டே கெடக்கேன். ஒனக்குப் பாரமா இல்லாத மாதிரிக் கெடக்கது பெரிய வேலடி. அதுக்கு லீவே இல்ல."

அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். பெருமூச்சு விடுகிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது.

"என்ன சொல்லுது அண்ணன்?" என்றாள் இந்திராணி.

மாரித்துரை இன்னும் முடிக்கவில்லை. உதடு அசைந்தது, சத்தம் வந்தது. "அமாவாச வரைக்கும் என்னயக் கொண்டுபோய் இந்திராணி வீட்ல விடு."

இத்தனை நாளும் செண்பகவல்லி ஆசைப்பட்டது அதுதான், ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. "அங்க ஒங்களுக்கு ஒத்துக்கிருமா?" என்றாள். "அவ சலிச்சுக்கிருவா. ஒருநா ரெண்டுநா பாப்பா, அப்புறம் மொகத்தச் சுளிப்பா. தெரியாதா ஒங்களுக்கு?"

"சுளிக்கட்டும்," என்றார் மாரித்துரை. "அவ சுளிச்சா எனக்கு வலிக்காது."

அவர் கேட்டதை மட்டும் செண்பகவல்லி இந்திராணியிடம் சொன்னாள். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்திராணியின் முகத்தில் ஓடிய கணக்கை, மாடிப்படியை, முட்டியை, துணி அலசுகிற வேலையை எல்லாம் அவள் பார்த்துக்கொண்டே நின்றாள், முன்பாக இருந்தால் அதைப் பார்க்க எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள். "தெளிவா விழுந்தவரு கேட்டதுக்கு மறுபேச்சு கெடையாது," என்று அய்யாத்துரை சொல்லிவிட்டு, உரக்கடைக் குட்டியானை வண்டியை எடுத்துவரப் போனார்.

வண்டியில் ஏற்றினார்கள். தண்ணீர் மெத்தை, மடித்த வேட்டிகள், மூத்திரக் குடுவை, மாத்திரைப் பெட்டி. செண்பகவல்லி கூடவே ஏறி உட்கார்ந்து, எந்தப் பக்கம் எவ்வளவு நேரம், கஞ்சி எந்தப் பதம், எந்த இருமலுக்குத் தலையை உயர்த்த வேண்டும், எந்த இருமலுக்கு வேண்டாம் என்றெல்லாம் இந்திராணிக்குச் சொன்னாள். இந்திராணி தலையாட்டினாள், பாதி காதில் ஏறவில்லை என்பது தெரிந்தது. இறங்கும்போது மாரித்துரையின் இடது கை, நல்லாயிருக்கும் கை, அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. "போய்ப் படு," என்றார். வண்டி தெப்பக்குளத் தெருவுக்குத் திரும்பி மறைகிறவரை அவர் கண்ணை மூடிக்கொண்டே போனதை அவள் பார்த்தாள். நடிப்புக்கு மூடியதல்ல. வண்டி குலுங்கக் குலுங்க நிஜமாகவே தூங்கிவிட்டிருந்தார்.

அவள் கதவைச் சாத்தினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெருவில் ஒரு சத்தமில்லை. படுக்கலாம். யாரும் கூப்பிட மாட்டார்கள். கேட்ட வரம் கிடைத்துவிட்டது, ஆனால் அவள் பெயருக்குக் கிடைக்கவில்லை. அவளிடமிருந்து அவருக்குக் கிடைத்த ஓய்வில் ஒட்டிக்கொண்டு வந்தது அது. அதை நினைத்தபோது அவள்மேல் அவளுக்கே ஆத்திரமாகவும் அவர்மேல் பாசமாகவும் அவமானமாகவும் இருந்தது, இன்னதென்று பிரிக்கத் தெரியவில்லை. பின்கட்டில் கட்டில் கிடந்த இடத்தில், வெறும் தரையில், சேலைத் தலைப்பை விரித்துப் படுத்தாள். படுத்த மாத்திரத்தில் நெஞ்சின் அடியிலிருந்து ஒரு பெருமூச்சு கிளம்பி வந்தது. அவள் பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டில் கேட்பதற்கு ஆளில்லை என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் நினைவு வந்தது. அப்போதும் கையை எடுக்கவில்லை. பொத்திய கையோடு அப்படியே தூங்கிப்போனாள்.